படத்து வீட்டுக்கு ஒரு விளக்கு

வேலை முடித்துப் பூட்டிய கதவைத் திரும்பத் திறக்க வைக்கிற ஆளோடு நீங்கள் வேலை செய்திருக்கிறீர்களா? நான் செய்திருக்கிறேன். அதுவும் மொன்றியல் குளிரில், பல வருடம்.

நாங்கள் வீடுகள் துப்புரவாக்குகிறவர்கள். கார் என்னுடையது, பிரெஞ்சும் என்னுடையது. கை மட்டும் அன்ரியுடையது என்று பகிடியாகச் சொல்லுவேன், ஆனால் அதில் உண்மை கொஞ்சம் அதிகம்தான். அன்ரி என்றால் சொந்தம் இல்லை. எங்கள் சனத்தில் வயதில் மூத்த பெண்கள் எல்லோரும் அன்ரிதான். வேலை முடிந்ததும் தூசு இழுக்கிற வக்கூமையும் வாளியையும் காரில் ஏற்றி, எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அன்ரியும் ஏறி, சீற்பெல்ற்றைக் கட்டி, கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, கடைசியாக ஒரு தரம் அந்த வீட்டைத் திரும்பிப் பார்ப்பார். அதோடு என் நிம்மதி போய்விடும்.

"பிள்ளை, திறப்பைத் தா."

"என்னத்தை விட்டிட்டு வந்தனீங்கள்?"

"ஒண்டையும் விடேல்லை. லைற் போடேல்லை."

டிசெம்பரில் இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடும். பனியில் சறுக்கிச் சறுக்கித் திரும்பிப் போவார். திறப்பால் கதவைத் திறந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு, தெருப்பக்கம் தெரிகிற மாதிரி ஒரு லைற்றைப் போட்டுவிட்டு வருவார். கோடைகாலத்தில் வெயில் ஒன்பது மணி வரைக்கும் நிற்பதால் எனக்குக் கரைச்சல் இல்லை. குளிர்காலம் முழுவதும் இந்தக் கூத்துத்தான்.

வீட்டுக்காரர்கள் என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள். பகல் வேலைக்கு வருகிறவர்கள் ஏன் விளக்கை எரிய விட்டுப் போகிறார்கள் என்று. நான் அன்ரியிடம் சண்டைக்குப் போவேன்.

"அவையின்ரை வீடு, அவையின்ரை கரண்ட். உங்களுக்கு என்ன?"

"மனிசர் சீவிக்கிற வீடு இருட்டாக் கிடக்கப்படாது."

"அவை வேலைக்குப் போட்டினம் அன்ரி."

"வருவினம்தானே?"

வருவார்கள்தான்.

சென்ட் லோரன்டில் புதிதாகக் கட்டிய வீடு ஒன்று இருந்தது. ஆள் நடமாட்டம் இல்லாவிட்டால் விளக்குகள் தாமாகவே நூர்ந்து அணைந்துவிடும். அன்ரிக்கு அது தன்னை அவமானப்படுத்துகிற ஏற்பாடாகத் தெரிந்தது. நடுக்கூடத்தில் நின்று கையை ஆட்டுவார், எரியும். வாசலுக்கு வந்து சப்பாத்துப் போடுவதற்குள் நூர்ந்துவிடும். திரும்ப ஓடுவார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தே களைத்துப்போனேன். கடைசியில் அடுப்புக்கு மேலே புகை இழுக்கிற பெட்டியில் ஒரு சின்ன லைற் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"அது கறி கொதிக்கிறதைப் பாக்கிற லைற் அன்ரி."

"கறியைப் பாக்கிற லைற்றுக்கு மனிசரைத் தெரியாதோ?"

இதையெல்லாம் வைத்து அவரை ஏதோ கனிந்த உள்ளம் என்று நினைத்துவிடாதீர்கள். பொல்லாத வாய். நான் துடைத்த நிலத்தைப் பார்த்து, "துடைச்சனியோ, இல்லாட்டித் துடைக்கப் போறியோ?" என்பார். நான் போட்டுக்கொண்டு போகிற தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு மூடியை மூடுவார். கார் கொஞ்சம் வேகம் எடுத்தால், "கோதாரி, எந்தச் செத்தவீட்டுக்குப் போறாய்?" அவருடைய வாயிலிருந்து வரக்கூடிய அதியுயர்ந்த பாராட்டு "பரவாயில்லை". அதைக் கேட்கவும் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

சரஸ்வதி பூசைக்கு வக்கூமுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார். துடைப்பத் தடிக்கும் என் கார் ஸ்ரியறிங்குக்கும் சேர்த்துத்தான். லாசாலில் ஒரு வாடிக்கைக்காரப் பெண் வக்கூமில் குங்குமத்தைக் கண்டு, யாருக்காவது காயமா என்று பதறிப்போனாள். இன்றைக்கு அதற்குப் பிறந்தநாள் என்று சொல்லிச் சமாளித்தேன். வெள்ளிக்கிழமைகளில் வேலையிலிருந்து நேரே கோயிலுக்குப் போவோம். கோயில்காரர் வைத்திருக்கிற எண்ணெயில் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆகவே அவருடைய கைப்பையில் பழைய இருமல் மருந்துப் போத்தலில் நல்லெண்ணெயும், கடதாசியில் மடித்த மஞ்சள்தூளும், பஞ்சுத் திரிகளும் எந்நேரமும் இருக்கும்.

அவர் இருந்தது சென்ட் லோரன்டில், மூன்றாம் மாடியில். தெருவைப் பார்த்த யன்னல். அதில் இரவும் பகலும் ஒரு மஞ்சள் பல்ப் எரியும். விடிய நான் கூட்டிப்போக வரும்போதும் எரியும், பின்னேரம் கொண்டுவந்து இறக்கும்போதும் எரியும். இந்த ஊரில் யூலை முதலாம் திகதி வந்தால் பாதிச் சனம் வீடு மாறும். சோபாக்கள் மாடிப்படியில் தொங்கும், மெத்தைகள் நடைபாதையில் கிடக்கும். அன்ரி மட்டும் அசையமாட்டார். லிப்ட் வேலை செய்யாது, குளியலறைச் சுவர் ஊறிக்கிடக்கும், சுவருக்குள்ளே கரப்பான். மகள் ரொறன்ரோவில் நல்ல வீட்டில் இருந்துகொண்டு வா வா என்று கெஞ்சுவாள். "விலாசம் மாறிப்போம்" என்பார். பென்சன் காசோலைக்காகத்தான் பயப்படுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்த விலாசத்திலிருந்து அவரை வெளியே எடுத்தது ஆஸ்பத்திரிக் கட்டில்தான், அதுவும் திரும்பி வராமல்.

அவருக்கு ஒரு மகனும் இருந்தான் என்று கேள்விப்பட்டிருந்தேன். எங்கள் சனத்தில் "இருந்தான்" என்று ஒருவர் சொன்னால் மற்றவர் அதற்குமேல் கேட்பதில்லை.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன்.

இல்-பிசாரில் ஆற்றைப் பார்த்த கல்வீடு ஒன்றுக்குச் செவ்வாயும் வெள்ளியும் போவோம். பஸ் சரியாக வராத தீவு, அதனால் என் கார் இல்லாமல் வழியில்லை. வீட்டுக்காரி எண்பது தாண்டிய பிரெஞ்சுக்காரி. நாங்கள் மதாம் என்போம். நாலுகால் தடியைப் பிடித்துக்கொண்டு நடப்பார், எல்லாவற்றுக்கும் மெர்சி சொல்லுவார். அவருடைய இருப்பறையில், கணப்புக்கு மேலே ஒரு பெரிய எண்ணெய் ஓவியம் மாட்டியிருந்தது. நாட்டுப்புறத்து வீடு ஒன்று. சாம்பலும் ஊதாவும் கலந்த சுவர், சரிந்த கூரை, புகை வராத புகைபோக்கி. பொழுதுபட்ட நேரம். கத்தியால் அள்ளி அப்பிய மாதிரித் தடித்த நிறங்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் வீடே இராது, வெறும் மேடும் பள்ளமும்தான். சோபாவில் இருந்து பார்த்தால் முழு வீடும் எழுந்து நிற்கும். யன்னல்கள் எல்லாம் கருநீலம். வலது பக்கம் கீழே, வேலி வாசலில், ஒரு மரப் படலை. படலையடியில் ஓர் ஆள். ஆள் என்றால், மேலிருந்து கீழே இழுத்த ஒரு சாம்பல் கோடும் அதன் தலையில் ஒரு பொட்டும். அவ்வளவுதான்.

முதல் நாள் சட்டத்தைத் தூசு தட்டப்போன அன்ரி, தட்டுகிற துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"இது ஆரின்ரை வீடு எண்டு கேள் பிள்ளை."

மதாமுக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. தன் பிள்ளைகள்கூட அந்தப் படத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லையாம். கீறியவர் பிரான்சில் இருந்த நவீன ஓவியர், மதாமின் கணவருக்கு நண்பர். அது அந்த ஓவியருடைய சொந்த நாட்டுப்புற வீடு. கோடைக்கு மட்டும் போய் இருப்பார்கள். குளிர் தொடங்கப் பூட்டிவிட்டுப் பட்டணத்துக்குப் போய்விடுவார்கள். அப்படிப் பூட்டிய ஒரு பின்னேரம் கீறியது. படலையடியில் நிற்பது தோட்டக்காரனாக இருக்கும், படலையைப் பூட்ட வந்திருப்பான் என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். அன்ரி தலையை ஆட்டினார், இல்லை என்று.

"தோட்டக்காரன் எண்டால் கையிலை ஏதும் கிடக்கும். இவன் பெடியன். வந்து நிக்கிறான். வீடு இருட்டாக் கிடக்கிறதைப் பாக்கிறான். இந்தா இப்ப திரும்பிப் போகப் போறான்."

"கோட்டிலை இவ்வளவும் தெரியுதோ உங்களுக்கு?"

"உனக்குத் தெரியேல்லை எண்டால் கண்ணாடி போடு."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் எந்த லைற்றையும் தேடவில்லை. மூலையில் இருந்த மேசை விளக்கைப் படத்தின் பக்கம் இழுத்து, அதன் தொப்பியைச் சரித்து, வெளிச்சம் படத்தில் விழுகிற மாதிரி வைப்பார். படத்தின்மேல் எவ்வளவு வெளிச்சம் விழுந்தாலும் அந்த யன்னல்கள் இருட்டாகத்தான் இருந்தன. அது அவரைத் தின்றது.

ஒரு வெள்ளிக்கிழமை மதாமின் மகள் வந்திருந்தார். வீடு விலைப்பட்டுவிட்டது, அம்மா முதியோர் இல்லத்துக்குப் போகிறார், நீங்கள் இன்னும் கொஞ்ச நாள்தான் வரவேண்டியிருக்கும் என்றார். தளபாடங்கள் பிள்ளைகளுக்கு, படம் ஏலத்துக்கு. நல்ல மனிதர்தான், எங்களுக்கு நன்றியும் சொன்னார்.

தீவுப் பாலத்தில் கார் ஏறும்போது அன்ரி கேட்டார்.

"அந்தப் படத்தை ஆர் எடுக்கினம்?"

"ஆர் வாங்கினமோ அவை. எந்த ஊரிலையோ."

"அப்ப அவன் அப்பிடியே நிக்கிறதோ?"

"அது படம் அன்ரி. படத்திலை நிக்கிறவை நிக்கத்தானே வேணும்."

பிறகு முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசத் தொடங்கினார். என்னிடம் பேசினாரா கண்ணாடியிடம் பேசினாரா தெரியவில்லை.

"அண்டைக்கும் இப்பிடித்தான், பொழுதுபட்ட மைமல் நேரம். ஊர் முழுக்க வெளிக்கிட்டு றோட்டாலை போகுது. எங்கடை அவருக்கு மூச்சு இழுப்பு. மருந்து வாங்கப் பெடியன் சைக்கிளிலை போனவன். அவன் வந்தாப்போலை எல்லாரும் சேந்து போவம் எண்டு பாத்துக்கொண்டு இருந்தம். பிளேன் சுத்தத் தொடங்கிட்டுது. வெளிச்சம் கண்டால் குண்டு போடுவாங்கள் எண்டு பக்கத்து வீட்டிலை கத்தினம். நான்தான் லாம்பை நூத்தன். என்ரை கையாலை. நூத்துப்போட்டுப் பின்வளவுப் பங்கர் குழிக்கை இறங்கினம். செல் விழுற சத்தத்திலை ஒண்டும் கேக்கேல்லை."

நான் காரை மெதுவாக்கினேன்.

"விடிய ஏறி வந்தால், முன்வீட்டுக் கிழவர் சொல்லுறார், உங்கடை பெடியன் ராத்திரி வந்தவன் எண்டு. படலையடியிலை சைக்கிளோடை ஒரு காலை ஊண்டிக்கொண்டு நிண்டவனாம். வீடு இருட்டாக் கிடக்கு, அம்மாக்கள் போட்டினம் போலை எண்டு சொல்லிப்போட்டு, சனத்தோடை சனமாப் போட்டானாம்."

வைப்பர் இரண்டு தரம் பனியைத் தள்ளியது.

"நாங்கள் வீட்டிலை இருந்தம் பிள்ளை. அவன் எங்களைத் தேடிக்கொண்டு போயிட்டான்."

அழுதேன் என்று சொன்னால் அழகாக இருக்கும், ஆனால் அன்றைக்கு எனக்கு வந்தது கோபம்தான். யார்மேல் என்று தெரியாத கோபம். விலாசத்தின் கதையும் அப்போதுதான் சொன்னார். காணாமற்போனவர்களைத் தேடுகிற ஓர் அமைப்பிடம் எத்தனையோ வருடத்துக்கு முன் அந்த மூன்றாம் மாடி விலாசத்தைக் கொடுத்திருக்கிறார். அவன் எங்கேயாவது இருந்து விசாரித்தால் அதைத்தான் சொல்லுவார்கள். அதனால் மாறமாட்டார்.

அடுத்த செவ்வாய் என்னைப் பிடித்துக்கொண்டார். படம் கீறினவர் உயிரோடு இருக்கிறாரா என்று மதாமிடம் கேட்கச் சொன்னார். கேட்டேன். செத்து வெகுகாலம்.

"அப்ப ஆராலும் அதிலை ஒரு லைற் போடேலாதோ? எல்லா யன்னலிலையும் வேண்டாம். கீழ் யன்னல் ஒண்டிலை."

"அது சும்மா பெயின்ற் இல்லை அன்ரி. எண்ணெய் ஓவியம்."

"எண்ணெயோ?"

"ஓம், கலர்ப்பொடியை எண்ணெயிலை குழைச்சுக் கீறுறது."

எதைக் கேட்டாலும் விளக்கம் சொல்லுகிற பழக்கம் எனக்கு. அவர் அதைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை நான் மேல்மாடிக் குளியலறையைத் தேய்த்துவிட்டு இறங்கி வந்தபோது இருட்டியிருந்தது. அன்ரி கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் ஆயத்தமாக நின்றார். காரில் ஏறினார். பெல்ற்றைக் கட்டினார். வீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"லைற் போடேல்லையோ அன்ரி?"

"போட்டிட்டன், நீ காரை எடு."

வழியில் பிஸ்கற் பெட்டியைத் திறந்து எனக்கும் தந்தார். மெதுவாகத் தேவாரம் முணுமுணுத்தார். என் தேநீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "பரவாயில்லை" என்றார். எனக்கு அப்போதே பயம் பிடித்திருக்க வேண்டும்.

அடுத்த முறை போனபோது மதாம் படத்துக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டு, இரகசியம் சொல்லுகிற மாதிரிப் பிரெஞ்சில் சொன்னார்:

"அவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள்."

பார்த்தேன். கீழ் யன்னலில் ஒரு மஞ்சள் வெளிச்சம். நெல்மணி அளவுதான் இருக்கும். முகத்தைக் கிட்டக் கொண்டுபோனேன். கோயில் மணந்தது. நல்லெண்ணெயும் மஞ்சள்தூளும். திரி நுனியால் வைத்திருக்கிறார். நேரே சமையலறைக்கு ஓடினேன்.

குசினியில் அன்ரி கழுவிய கோப்பையைத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு விசரே? அது என்ன சாமான் எண்டு தெரியுமே? எங்களைப் பொலிசிலை குடுப்பினம்!"

"ஏன் கத்துறாய்? ஒரு லைற்தானே போட்டனான்."

"துடைச்சு விடுங்கோ. இப்பவே."

"மாட்டன்." கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். "அவன் நிண்டிட்டான் பிள்ளை. போய் வடிவாப் பார். இப்ப அவன் போகப் பாக்கேல்லை."

போய்ப் பார்த்தேன். பழைய சாம்பல் கோடுதான். ஆனால் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நல்லெண்ணெய் காயாது என்பது எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். தலையில் வைத்தாலும் விளக்கில் வைத்தாலும் அது வழிந்துகொண்டுதான் இருக்கும். கீழே கணப்பு எரிகிறது, சூடு ஏறுகிறது. வெள்ளிக்கிழமை வந்து பார்த்தால் யன்னலில் இருந்த மஞ்சள் சுவரில் ஒரு கோடாக இறங்கி வாசற்படியில் நின்றது. அடுத்த செவ்வாய் வாசற்படியையும் தாண்டி, கத்தி இழுத்த பள்ளங்களின் வழியே, முற்றத்து நடைபாதையில் சரிந்து போய்க்கொண்டிருந்தது. கதவைத் திறந்தால் வெளியே விழுகிற வெளிச்சம் மாதிரித்தான் இருந்தது, சத்தியமாக. படலைக்கும் அதற்கும் இடையில் ஒரு விரற்கடை தூரம் மிச்சம்.

அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் இவ்வளவு போடேல்லை பிள்ளை. நான் போட்டது யன்னலிலை மட்டும். அது தன்ரை பாட்டிலை அவனட்டைப் போகுது."

"எண்ணெய் வழியுது அன்ரி."

"வழியட்டும். இன்னும் எப்பன் தூரம்தான் கிடக்கு."

அந்தக் கிழமை முழுக்க அவருக்கு அதே கதைதான். வெள்ளி வரைக்கும் ஏன் பொறுக்க வேணும், வியாழன் போகலாமே என்று மற்ற வீடுகளில் வேலை செய்யும்போதெல்லாம் கேட்டார். கோயிலுக்கு நேர்த்தி வைத்தார். வெளிச்சம் அவனிடம் போய்ச் சேருகிற வரைக்கும் படத்தை யாரும் எடுக்கக்கூடாது. அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. இத்தனை வருடமும் ஒன்றும் கேட்காத மனுசி, இந்த ஒன்றைக் கேட்டுக் கேட்டு வாடிப்போனார்.

வெள்ளிக்கிழமை நாங்கள் போனபோது படம் சுவரில் இல்லை. சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணிக்கு மேல் மல்லாந்து கிடந்தது. மதாமின் மகளும், ஏலத்துக்குப் படங்கள் பார்க்கிற ஒருவரும் குனிந்து நின்றார்கள். அந்த மனிதர் வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மணந்துவிட்டு, இது சமையலறைச் சாமான் என்றார். மகள் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். வேறு யாரைப் பார்ப்பது?

நான் மறைக்கவில்லை. மறைக்க அன்ரி விடவும் இல்லை. நேரே மேசையடிக்குப் போய்ப் படத்தை எட்டிப் பார்த்தார். வெளிச்சம் படலையைத் தொட்டுவிட்டது. கோட்டின் காலடிக்கு மயிரிழைதான் பாக்கி.

"பிள்ளை, அவையிட்டைக் கேள். இண்டைக்கு ஒருநாள் விடச் சொல்லிக் கேள். திரும்பச் சுவரிலை கொழுவச் சொல்லு. படுத்துக் கிடந்தால் வழியாது."

நான் பிரெஞ்சில் அப்படியே சொன்னேன். ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். மகளுக்கு நான் கேலி பண்ணுகிறேன் என்று தோன்றியிருக்க வேண்டும், முகம் சிவந்துவிட்டது. அன்ரி இரண்டு கையையும் கூப்பினார். என் தேநீருக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லாத மனுசி, அந்தப் பெண்ணுக்கு முன்னால் கைகூப்பி நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை.

"விடு," என்று மூலையில் இருந்து மதாம் சொன்னார். "அதை அப்படியே விடு. எனக்கு அது பிடித்திருக்கிறது. அந்த வீட்டில் இப்போதுதான் ஆட்கள் இருக்கிறார்கள்."

"அம்மா, நீங்கள் சும்மா இருங்கள்," என்றார் மகள். இரண்டு கிழவிகள் சொன்னதையும் அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. திறப்பை மேசையில் வைத்துவிட்டு வந்தோம்.

சில நாள் கழித்து மகள் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். கோபம் தணிந்திருந்தது. படத்துக்குச் சேதம் இல்லையாம். மெருகுக்கு மேலேதான் பட்டிருந்ததாம். துடைத்ததும் போய்விட்டதாம், ஓர் அடையாளமும் இல்லையாம். உங்கள் அன்ரி கவலைப்பட வேண்டாம், நான் முறைப்பாடு எதுவும் செய்யவில்லை என்றார். நல்ல செய்தி சொல்லுகிறேன் என்றுதான் அவர் நினைத்தார்.

அன்ரி காரில் பக்கத்தில் இருந்தார்.

"என்னவாம்?"

"படத்துக்கு ஒண்டும் இல்லையாம். துடைச்சு எடுத்திட்டினமாம். பழையபடி வந்திட்டுதாம்."

"லைற்றை நூத்துப்போட்டினமோ?"

"ஓம் அன்ரி."

"ம்," என்றார்.

அன்று லாசாலில் வேலை. முடிந்தது, பூட்டினோம், காரில் ஏறினோம். நான் வழக்கம்போலத் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"திறப்பு வேண்டாமோ?"

"ஏன்?"

எவ்வளவு நாள் நான் அந்த லைற்றுக்காகச் சண்டை பிடித்திருப்பேன். அன்றைக்கு நானே இறங்கிப்போய்ப் போட்டுவிட்டு வந்தேன். அவர் அதையும் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு சுகமில்லை என்று வேலைக்கு வரவில்லை. தொலைபேசி எடுத்தால் இரண்டு சொல், பிறகு எடுப்பதும் இல்லை. ஒருநாள் வேலை முடிந்து, கொஞ்சம் இடியப்பமும் சொதியும் வாங்கிக்கொண்டு சென்ட் லோரன்டுக்குப் போனேன். நாலரை மணி, இருட்டிவிட்டது. காரை நிறுத்தி மேலே பார்த்தேன். மூன்றாம் மாடி யன்னலில் வெளிச்சம் இல்லை.

அந்த யன்னலை நான் இருட்டாகப் பார்த்ததே இல்லை. 'மகளோடை ரொறன்ரோ போட்டா போலை' என்று நினைத்தேன். ஒரு சொல் சொல்லாமல் போய்விட்டாரே என்று கோபமும் வந்தது. காரை ஸ்ராட் பண்ணினேன். கியரையும் போட்டுவிட்டேன். அப்போதுதான் எனக்கு உச்சந்தலையில் அடித்த மாதிரி இருந்தது. வீடு இருட்டாகக் கிடக்கிறது, போய்விட்டார்கள் போல. அவன் சொன்னதும் இதுதானே. எஞ்சினை நிறுத்திவிட்டு ஓடினேன். லிப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடியும் படியில்.

கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே கும்மிருட்டு. யன்னலடியில், கதிரையில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு அன்ரி இருந்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நின்றேன்.

"கார் ஸ்ராட் பண்ணினதைக் கண்டனான்," என்றார். "திரும்பிப் போயிடுவாய் எண்டு நினைச்சன்."

"ஏன் அன்ரி இருட்டுக்கை இருக்கிறியள்?" என் கை சுவரில் ஸ்விச்சைத் தேடியது.

"போடாதை."

"அன்ரி..."

"போடாதை பிள்ளை. இஞ்சை வா. வந்து பார்." கண்ணாடியில் விரலால் தட்டினார். கீழே தெருவிளக்கின் வெளிச்சத்தில் கட்டடத்தின் வாசல், படிகள், பனியில் என் காலடிகள், எல்லாம் பகல் மாதிரித் தெரிந்தன. "லைற் எரிஞ்சால் வெளியிலை ஒண்டும் தெரியாது. உள்ளுக்கை இருக்கிறதுதான் கண்ணாடியிலை தெரியும். இவ்வளவு காலமும் லைற்றைப் போட்டு வைச்சுக்கொண்டு நான் என்ரை மூஞ்சையைத்தான் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறன். அவன் வந்து கீழை நிண்டிருந்தாலும் நான் கண்டிருக்க மாட்டன்."

சொல்லிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். இடியப்பப் பொதியைக் கீழே வைத்தேன். இன்னொரு கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு நானும் இருந்தேன்.

கீழே வாசல் வடிவாகத் தெரிந்தது. ஒருவரும் வரவில்லை.